டீசல் ஸ்விஃப்ட்: எஞ்சின் வேலை பார்ப்பதா, வேறு எஞ்சின் மாற்றுவதா?

வண்டி நடுரோட்டில் நின்று, கட்டி இழுத்துப் பட்டறைக்குக் கொண்டுவந்து, மெக்கானிக் "எஞ்சின் போச்சு சார்" என்று சொன்னதும் எல்லோரும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "பழைய எஞ்சின் ஒன்று வாங்கிப் போட்டால் எவ்வளவு ஆகும்?" கேட்பதில் தப்பில்லை. ஆனால் அதற்குக் கிடைக்கும் பதில் எஞ்சினின் விலை மட்டும்தான். அது மொத்தச் செலவில் ஏறக்குறைய பாதி. மீதிப் பாதி ஆள்கூலியிலும், எஞ்சின் இறங்கியிருக்கும்போது மாற்றியே ஆக வேண்டிய சில்லறைச் சாமான்களிலும், ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் இருக்கிறது. எந்த வழியில் போவது என்பதை அந்த மீதிப் பாதியைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கருத்து.

பொதுவாகப் பேசினால் எதுவும் பிடிபடாது. அதனால் நம் ஊரில் ஏராளமாக ஓடும் ஒரு வண்டியை எடுத்துக்கொள்வோம்: 2013-ல் பதிவான டீசல் ஸ்விஃப்ட். அதில் இருப்பது 1248 சிசி, நான்கு சிலிண்டர், பதினாறு வால்வு, உயரழுத்தத்தில் டீசலைப் பாய்ச்சும் காமன் ரெயில் எஞ்சின். ஃபியட் உருவாக்கியதை மாருதி உரிமம் பெற்று மானேசரில் தயாரித்தது. மாருதி இதை டிடிஐஎஸ் என்றது, ஃபியட் மல்டிஜெட் என்றது, டாடா குவாட்ராஜெட் என்றது. 2007-ல் ஸ்விஃப்ட்டில் வந்து, டிசையர், ரிட்ஸ், எர்டிகா என்று பரவி, பி.எஸ். 6 புகை விதி வந்த 2020 ஏப்ரலோடு மாருதியில் நின்றுபோனது. எஞ்சின் உற்பத்தியே நின்றுவிட்டது என்பது இந்தக் கணக்கில் முக்கியம். இனி பழைய எஞ்சின் என்று கிடைப்பது எல்லாமே குறைந்தது சில வருடம் ஓடியதாகத்தான் இருக்கும். வருடம் போகப் போக நல்லது கிடைப்பது இன்னும் அரிதாகும்.

முதலில் ஒரு உச்சவரம்பு போட்டுக்கொள்ள வேண்டும். இந்த வண்டி நல்லபடி ஓடினால் என்ன விலைக்குப் போகும், எஞ்சின் செத்த நிலையில் அப்படியே கொடுத்தால் என்ன கிடைக்கும் என்று உங்கள் ஊரிலேயே இரண்டு பேரிடம் விசாரியுங்கள். பேச்சுக்கு, ஓடினால் 3 லட்சம், ஓடாவிட்டால் 1 லட்சத்து 20 ஆயிரம் என்று வைத்துக்கொள்வோம். வித்தியாசம் 1 லட்சத்து 80 ஆயிரம். எஞ்சினுக்காக நீங்கள் செலவழிக்கும் மொத்தப் பணமும் இதைத் தாண்டினால், பணம் வண்டிக்குள் போகிறதே தவிரத் திரும்பி வராது. இதற்கு மேல் செலவழிக்கக் காரணம் இருக்கலாம்: வண்டியின் பாடி துருப்பிடிக்காமல் இருக்கிறது, இன்னும் ஐந்து வருடம் ஓட்டப்போகிறேன், அதே பணத்துக்கு வெளியே வாங்கினால் யாருடைய எந்த வண்டி வருமோ தெரியாது என்றெல்லாம். நியாயமான காரணங்கள்தான். ஆனால் உச்சவரம்பைத் தெரிந்துகொண்டு தாண்டுவது வேறு, தெரியாமலே தாண்டுவது வேறு.

இன்னொன்று, ஆர்.சி. முடியும் தேதி. 2013 வண்டிக்கு 2028-ல் பதினைந்து வருடம் முடிகிறது. அதன்பின் வண்டியைக் காட்டிப் பதிவைப் புதுப்பிக்க வேண்டும். 2022 ஏப்ரல் முதல் காருக்கான புதுப்பிப்புக் கட்டணம் மட்டுமே 5,000 ரூபாய். பசுமை வரி தனி. பெயின்ட், டயர், விளக்கு, புகை எல்லாம் சரிசெய்து நிறுத்தும் செலவும் உண்டு. எஞ்சினுக்கு ஒரு லட்சம் போடுகிறவர் அதையும் இப்போதே கணக்கில் சேர்த்துவிடுவது நல்லது.

திறந்து பார்க்காமல் விலை கேட்காதீர்கள்

"எஞ்சின் போச்சு" என்பது நோயின் பெயர் அல்ல. எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் காஸ்கெட் போனாலும் அதுதான் பேச்சு, பிஸ்டன் உடைந்தாலும் அதுதான். இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட் கிடையாது, செயின். ஆயிலை நேரத்துக்கு மாற்றாமல் விட்டால் செயின் நீளும், அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனர் தளரும், காலையில் ஸ்டார்ட் செய்ததும் கரகரவென்று சத்தம் வரும். அதையும் கவனிக்காவிட்டால் ஒருநாள் செயின் பல் தாண்டி, வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். அப்படி மோதும்போது பல எஞ்சின்களில் ராக்கர் ஆர்ம்கள் உடைந்து அந்த அடியை வாங்கிக்கொள்கின்றன. வெளியிலிருந்து பார்த்தால் எஞ்சின் முழுக்கச் செத்த மாதிரிதான் தெரியும். கழற்றிப் பார்த்தால் கீழ்ப்பகுதி அப்படியே இருக்கும். ஹெட் வேலையோடு முடிந்துவிடும். இந்த வண்டிக்குப் போய் வேறு எஞ்சின் வாங்கிப் போட்டால் நல்ல எஞ்சினை எறிந்துவிட்டு யாரோ கழித்துக் கட்டியதை வாங்கினதாக ஆகும்.

அதனால் சில ஆயிரம் ரூபாயைப் பரிசோதனைக்கென்றே ஒதுக்குங்கள். சிலிண்டரைச் சூடாக்கும் க்ளோ பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியாக நான்கு சிலிண்டரிலும் கம்ப்ரஷன் (காற்றழுத்தம்) எடுக்கச் சொல்லுங்கள். ஒன்று மட்டும் குறைந்தால் ஒரு கதை, நான்கும் சமமாகக் குறைந்தால் வேறு கதை. அதே வழியில் சிறு கேமராவை விட்டு சிலிண்டர் சுவரில் கோடு விழுந்திருக்கிறதா என்று பார்க்கலாம். ஆயில் ஃபில்டரைப் பிரித்து மடிப்புகளுக்குள் மினுமினுப்பான தூள் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் பேரிங் தேய்ந்திருக்கிறது. அடியில் ஆயில் தேங்கும் சம்ப்பை இறக்கி ஒரு பேரிங் மூடியைத் திறந்தால், பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் ஷாஃப்டின் நிலை கண்ணுக்கே தெரியும். கூலன்ட்டில் ஆயில் கலந்திருக்கிறதா, ஆயில் பால் கலந்த மாதிரி வெளுத்திருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும்.

இதைச் செய்ய மறுத்து, சத்தத்தைக் கேட்டே "எஞ்சின் மாத்திடலாம்" என்று சொல்லும் பட்டறையிலிருந்து வண்டியை எடுத்துவிடுவதுதான் நல்லது. டோ செலவு இரண்டாம் முறை ஆனாலும் பரவாயில்லை.

பரிசோதனையில் தெரிய வேண்டிய இன்னொரு விஷயம், முதல் எஞ்சின் ஏன் செத்தது என்பது. ரேடியேட்டர் அடைத்திருந்ததா, ஃபேன் ஓடவில்லையா, ஆயில் பம்ப் அழுத்தம் தரவில்லையா? காரணம் கண்டுபிடிக்காமல் எஞ்சினை மட்டும் மாற்றினால், புது எஞ்சினும் அதே அடைத்த ரேடியேட்டரோடுதான் ஓடப்போகிறது.

சொந்த எஞ்சினை வேலை பார்த்தால்

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். கீழே வரும் தொகைகள் எல்லாம் திட்டம் போட நான் வைத்துக்கொண்டவை. உங்கள் ஊர் விலையை வாங்கி அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள். எந்தெந்தத் தலைப்பில் பணம் போகிறது என்பதுதான் இங்கே பார்க்க வேண்டியது.

முழு எஞ்சின் வேலை என்றால் பிஸ்டன், ரிங், மெயின் மற்றும் கனெக்டிங் ராட் பேரிங், முழு காஸ்கெட் செட், செயின் கிட், ஆயில் பம்ப், வாட்டர் பம்ப், ஆயில் சீல்கள். இதற்கு 45,000. லேத் பட்டறையில் போரிங் (சிலிண்டரைப் பெரிதாகக் குடைவது), ஹோனிங், கிராங்க் கிரைண்டிங், ஹெட் ஃபேஸிங், வால்வ் சீட் வெட்டுவது என 18,000. எஞ்சினை இறக்கி, பிரித்து, சேர்த்து, ஏற்றும் ஆள்கூலி 20,000. டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களை டீசல் பம்ப் கடையில் சோதித்துச் சரிசெய்யவும், காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் டர்போவில் ஏதாவது இருந்தால் பார்க்கவும் 25,000 ஒதுக்கீடு. ஆயில், கூலன்ட், ஃபில்டர்கள் 6,000. மொத்தம் 1 லட்சத்து 14 ஆயிரம்.

இந்த வழியில் எனக்குப் பிடித்தது, என்ன போடுகிறோம் என்பது நமக்குத் தெரியும் என்பதுதான். எந்த பேரிங், எந்த கம்பெனி ரிங், என்ன அளவு என்று பில்லிலேயே இருக்கும். எஞ்சின் நம்பர், சிலிண்டர்கள் இருக்கும் உடலான பிளாக்கில் இருப்பதால் அதே பிளாக் இருக்கும்வரை ஆர்.சி.யில் ஒரு எழுத்துகூட மாற வேண்டியதில்லை.

பலவீனம் இரண்டு இருக்கின்றன. ஒன்று, காலம். எஞ்சினை இறக்கிப் பிரிப்பதற்கு ஓரிரு நாள் போதும். லேத் பட்டறையில் முறை வர வேண்டும், பிஸ்டன் வர வேண்டும், அளவு சரியாக இல்லை என்று மறுபடி போக வேண்டும். பத்து நாளில் முடிந்தால் வேகம். மூன்று வாரம் ஆனால் ஆச்சரியப்பட வேண்டாம். வாடகைக்கு ஓடும் வண்டி என்றால் அந்த நாட்களின் வருமானமும் செலவுதான். இரண்டாவது பலவீனம், வேலைத்திறன். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் நடுவில் விட வேண்டிய இடைவெளி மில்லிமீட்டரில் நூறில் சில பங்கு. அதை மைக்ரோமீட்டர், போர் கேஜ் வைத்து அளந்து எழுதித் தருகிற லேத் பட்டறையும் இருக்கிறது, விரலால் தடவிப் பார்த்து "சரியா இருக்கு" என்று சொல்லும் பட்டறையும் இருக்கிறது. வித்தியாசம் முதல் நூறு கிலோமீட்டரில் தெரியாது. ஆயில் குடிக்கத் தொடங்கும்போதுதான் தெரியும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. போரிங்குக்கு அனுப்பும் முன் ஓவர்சைஸ் (ஒரு அளவு பெரிய) பிஸ்டன் கையில் இருக்க வேண்டும். கிராங்க்கைக் கிரைண்டிங் செய்யும் முன் அதற்குப் பொருந்தும் அண்டர்சைஸ் பேரிங் கிடைக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். வெட்டிய இரும்பைத் திரும்ப ஒட்ட முடியாது. சாமான் வாங்கி மேசையில் வைத்துவிட்டு, அந்த அளவுக்கு வெட்டச் சொல்வதுதான் முறை.

பழைய எஞ்சின் வாங்கிப் போட்டால்

சென்னை புதுப்பேட்டை, பெங்களூரு சிவாஜிநகர், டெல்லி மாயாபுரி. பழைய எஞ்சின் என்றால் முதலில் வாயில் வரும் இடங்கள் இவை. இது பரவலாக ஓடிய எஞ்சின் என்பதால் தேடினால் கிடைக்கும். கணக்கு இப்படிப் போகும்.

எஞ்சின் 60,000. லாரி வாடகை 3,000. இறக்கி ஏற்றும் கூலி 15,000. "அப்படியே ஏத்திடலாம்" என்று சொன்னாலும் கேட்காமல் மாற்றியே ஆக வேண்டிய சாமான்கள் சில உண்டு: செயின் கிட், வாட்டர் பம்ப், கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல், கிளட்ச் செட், கிழிந்த எஞ்சின் மவுண்ட், இன்ஜெக்டர் வாஷர், காஸ்கெட்டுகள். இவற்றுக்கு 24,000. ஆயில் வகைகள் 6,000. ஆர்.டி.ஓ. வேலை, இன்சூரன்ஸ் திருத்தம் எல்லாம் சேர்த்து 4,000. மொத்தம் 1 லட்சத்து 12 ஆயிரம்.

"60,000 ரூபாய்க்கு எஞ்சின், அதை விட்டுட்டு எதுக்கு லட்ச ரூபாய்க்கு வேலை பார்க்கிறது?" என்று தொடங்கிய பேச்சு, கடைசியில் 2,000 ரூபாய் வித்தியாசத்தில் வந்து நிற்கிறது. தொகைகளை உங்கள் ஊருக்கு ஏற்ப மாற்றினாலும் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில்தான் வரும். 24,000 ரூபாய்ச் சாமானை மாற்றாமல் விட்டால் வித்தியாசம் பெரிதாகத் தெரியும். ஆனால் எஞ்சின் வெளியே இருக்கும்போது செயின் கிட் மாற்ற அதிகக் கூலி ஆகாது. ஏற்றிய பிறகு மாற்றுவது பெரிய வேலை. கிளட்சும் கிராங்க் சீலும் அப்படித்தான். ஒரு முறை இறக்கும் கூலியிலேயே அத்தனையையும் முடித்துக்கொள்வதுதான் சிக்கனம்.

வித்தியாசம் இவ்வளவுதான் என்றான பிறகு, ஆபத்து எந்தப் பக்கம் அதிகம் என்று பார்க்க வேண்டும். பழைய எஞ்சினில் கடைக்காரர் தரும் உத்தரவாதம் பெரும்பாலும் எஞ்சினுக்கு மட்டும்தான். ஏற்றிப் பார்த்து, ஓடவில்லை அல்லது புகை தள்ளுகிறது என்றால் வேறு எஞ்சின் தருவார். இறக்கி ஏற்றும் கூலியைத் தர மாட்டார். மேலே போட்ட கணக்குப்படி இரண்டாம் முறை கூலி 15,000, ஊற்றிய ஆயிலும் கூலன்ட்டும் 6,000, காஸ்கெட்டுகள் 3,000. ஆக 24,000 கையை விட்டுப் போகும். அதற்கும் மேலே, அடுத்து வரும் எஞ்சினும் அதே கடையிலிருந்துதான். இந்த 24,000-ஐத் தனியாக எடுத்துவைக்க முடியாதவர் பழைய எஞ்சின் பக்கம் போகக் கூடாது.

வாங்கும்போது முடிந்தவரை வண்டியிலேயே இருக்கும் எஞ்சினைத் தேடுங்கள். பின்பக்கம் அடிபட்டு, சரிசெய்வதில் பயனில்லை என்று இன்சூரன்ஸில் டோட்டல் லாஸ் ஆன வண்டி கிடைத்தால் அதிர்ஷ்டம். குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்யச் சொல்லி, முதல் சில நொடியில் செயின் சத்தம் வருகிறதா என்று கேளுங்கள். ஓடும்போது ஆயில் மூடியைத் திறந்தால் காற்று குபுகுபுவென்று தள்ளக் கூடாது. முன்பக்கம் மோதிய வண்டியின் எஞ்சினாக இருந்தால் சம்ப், செயின் கவர், மவுண்ட் பிடிக்கும் காதுகள், புல்லி ஆகியவற்றில் விரிசலைத் தேடுங்கள். தரையில் கிடக்கும் எஞ்சின் என்றால் குறைந்தபட்சம் கிராங்க்கைக் கையால் இரண்டு முழுச் சுற்றுச் சுற்றிப் பார்க்க வேண்டும். க்ளோ பிளக் துளையில் கேமரா விட அனுமதிக்காத கடையில் வாங்க வேண்டாம்.

வெள்ளத்தில் மூழ்கிய எஞ்சின்களைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் சென்னையில் எத்தனை கார்கள் தண்ணீருக்குள் நின்றன என்பதைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். மூழ்கிய எஞ்சினை வெளியே பளபளவென்று துடைத்துவிடலாம். ஆல்டர்னேட்டரின் காற்றுத் துளைகளுக்குள்ளும், ஒயர் கனெக்டர்களின் உள்ளேயும், ஸ்டார்ட்டர் மோட்டாரின் இடுக்கிலும் படிந்த வண்டலைத் துடைக்க முடியாது. அங்கேதான் டார்ச் அடித்துப் பார்க்க வேண்டும்.

எந்த எஞ்சின் பொருந்தும் என்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. சென்னை போன்ற பெருநகரங்களில் 2010-லேயே பி.எஸ். 4 விதி வந்துவிட்டது. நாடு முழுக்க வந்தது 2017 ஏப்ரலில். அதனால் ஒரே வருடத்து எஞ்சின் என்றாலும் சென்சார், புகையில் ஒரு பங்கைத் திருப்பி எஞ்சினுக்குள் விடும் இ.ஜி.ஆர்., இன்ஜெக்டர் ஒன்றாக இருக்கும் என்று நம்பிவிடக் கூடாது. பாதுகாப்பான வழி, வாங்கிய எஞ்சினின் உடலை மட்டும் எடுத்துக்கொண்டு, ஒயரிங், எஞ்சினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான இ.சி.யூ., சென்சார்கள் எல்லாவற்றையும் நம் வண்டியினுடையதாகவே வைத்துக்கொள்வது. சாவியில் இருக்கும் திருட்டுத் தடுப்பு இம்மொபிலைசர் நம் இ.சி.யூ.வோடு பேசிப் பழகியது, இ.சி.யூ. மாறினால் சாவி வேலையும் கூடவே வரும். நம் இன்ஜெக்டர்கள் நன்றாக இருந்தால் அவற்றையும் சோதித்துவிட்டு அப்படியே வாங்கிய எஞ்சினில் மாட்டிக்கொள்ளலாம்.

டாடா விஸ்டா, ஃபியட் புன்டோவில் இருப்பதும் இதே குடும்ப எஞ்சின்தானே, அது மலிவாகக் கிடைக்கிறதே என்று கேட்பவர்கள் உண்டு. உள்ளுறுப்புகள் பெரும்பாலும் ஒன்றுதான். ஆனால் மவுண்ட், சம்ப், பிராக்கெட்டுகள், ஒயரிங் வேறு. எல்லாவற்றையும் மாற்றிப் பொருத்தும் கூலியில் மலிவு கரைந்துவிடும். ஆர்.டி.ஓ.வில் வேறு கம்பெனியின் எஞ்சின் நம்பரோடு போய் நிற்கவும் வேண்டும். எர்டிகாவின் 90 குதிரைத்திறன் எஞ்சினைப் போடலாமா என்பதும் அதே ரகம்தான். அதன் டர்போவே வேறு, அதைக் கட்டுப்படுத்த வேறு இ.சி.யூ. வேண்டும். ஆசையாக இருக்கும், விட்டுவிடுங்கள்.

ஆர்.டி.ஓ. வேலையைப் பின்னால் தள்ளாதீர்கள்

பழைய எஞ்சின் வழியில் பலரும் கோட்டை விடுவது இங்கேதான். பிளாக் மாறினால் எஞ்சின் நம்பர் மாறும். நம்பர் மாறினால் ஆர்.சி. மாற வேண்டும். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு வண்டியில் செய்யும் மாற்றங்களைப் பற்றியது. பதிவு அதிகாரியின் ஒப்புதல் வாங்கிச் செய்வதுதான் முறை. ஒப்புதல் இல்லாமல் மாற்றம் நடந்திருந்தால் பதினான்கு நாட்களுக்குள் தெரிவித்து, ஆர்.சி.யைக் கொடுத்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்கிறது அந்தப் பிரிவு. அனுமதியில்லாத மாற்றத்துக்கு 2019 திருத்தத்தின்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கம்பெனி கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது. அதனால் அதே கம்பெனி, அதே வகை எஞ்சின் என்பதில் உறுதியாக இருங்கள்.

எஞ்சினுக்கு முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் கையில் வாங்க வேண்டியவை: எஞ்சின் நம்பர் எழுதிய பில், அந்த எஞ்சின் இருந்த வண்டியின் ஆர்.சி. நகல், அந்த வண்டி உடைக்கப்பட்டிருந்தால் பதிவு ரத்தான ஆவணம். பில் தர மாட்டேன் என்றால் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். திருட்டு வண்டியின் எஞ்சின் உங்கள் வண்டிக்குள் இருந்தால், எங்கே வாங்கினேன் என்று நிரூபிக்க வேண்டிய நிலை உங்களுக்குத்தான் வரும். வண்டி வங்கிக் கடனில் இருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்றும் வேண்டும். ஆர்.சி. திருத்தியதும் இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுதி பாலிசியிலும் எஞ்சின் நம்பரை மாற்றிக்கொள்ள வேண்டும். விபத்துக்குப் பின் க்ளெய்ம் போடும்போது நம்பர் பொருந்தவில்லை என்றால் அந்த 2,000 ரூபாய் மிச்சத்தை யாரும் நினைத்துப் பார்க்க மாட்டார்கள்.

மற்ற வழிகள்

புது எஞ்சின் அசெம்பிளி கேட்டுப் பார்க்கலாம். கிடைத்தால் பில், உத்தரவாதம் எல்லாம் சுத்தமாக இருக்கும். ஆனால் உற்பத்தி நின்ற எஞ்சினுக்குத் தரும் விலை பன்னிரண்டு பதின்மூன்று வயது வண்டிக்கு ஒத்துவராது. மேலே போட்ட உச்சவரம்பை அது அநேகமாகத் தாண்டிவிடும். டீசலை எடுத்துவிட்டு பெட்ரோல் எஞ்சின் வைப்பது என்றால் எரிபொருள் டேங்க் முதல் மீட்டர் வரை மாற வேண்டும், அனுமதியும் வேண்டும், யோசிக்கவே வேண்டாம்.

அப்படியே விற்பது பலர் நினைப்பதைவிட நல்ல வழி. பாடியில் துரு, கியர் பாக்ஸில் சத்தம், ஆர்.சி. முடிய இரண்டு வருடம்கூட இல்லை என்ற நிலையில் எஞ்சினில் லட்சம் போடுவதில் அர்த்தமில்லை. விற்றால் படிவம் 29, 30-இல் கையெழுத்துப் போட்டுப் பெயர் மாற்றம் முடியும்வரை விடாதீர்கள். பதிவு பெற்ற வாகன உடைப்பு மையத்தில் கொடுத்தால் கிடைக்கும் வைப்புச் சான்றைக் காட்டிப் புது வண்டியின் வரியில் சலுகை பெறலாம். சொந்த உபயோக வண்டிக்கு 25 சதவீதம் வரை சலுகைக்கு மத்திய விதி இடம் தருகிறது. எப்படியும் புது வண்டி வாங்கப் போகிறவர் இதை உடைசல் விலையோடு கூட்டிப் பார்க்க வேண்டும்.

எனக்கு எது சரி என்று படுகிறது

பிளாக்கும் கிராங்க்கும் நன்றாக இருந்தால், அல்லது ஒரு போரிங்கில் சரியாகிவிடும் என்றால், சொந்த எஞ்சினை வேலை பார்ப்பதுதான் சரி. காலம் கொஞ்சம் கூடினாலும் ஆபத்து குறைவு, ஆர்.சி. தொல்லை இல்லை. பழைய எஞ்சின் பக்கம் போக எனக்கு இரண்டே காரணங்கள்தான் ஏற்புடையவை: கனெக்டிங் ராட் பிளாக்கை உடைத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டது, அல்லது வண்டி ஓடாத ஒவ்வொரு நாளும் வருமானம் போகிறது. இரண்டாவது காரணத்திலும் ஓட்டிப் பார்த்து வாங்கக் கூடிய, பில் உள்ள எஞ்சின் கிடைத்தால் மட்டும். விலை குறைவு என்பது மூன்றாவது காரணமாக இருக்க முடியாது, ஏனென்றால் கூட்டிப் பார்த்தால் குறைவே இல்லை.

எந்த வழியானாலும் கூலி பேசும் விதம் முக்கியம். "எல்லாம் சேர்த்து இவ்வளவு" என்று மொத்தமாகப் பேசினால் எதில் கை வைத்தார்கள் என்று கடைசிவரை தெரியாது. கூலி தனி, லேத் தனி, சாமான் தனி என்று ஒரு தாளில் எழுதி வாங்குங்கள். சாமான்களின் பழைய துண்டுகளைத் திருப்பித் தர வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். பணத்தை மூன்றாகப் பிரித்துக் கொடுக்கலாம்: எஞ்சின் இறங்கும்போது ஒரு பங்கு, ஏற்றி ஸ்டார்ட் ஆனதும் ஒரு பங்கு, ஐந்நூறு கிலோமீட்டர் ஓடி ஆயில் மாற்றிய பின் மீதி. நல்ல மெக்கானிக் இதற்குச் சங்கடப்பட மாட்டார். அவருடைய நேரத்துக்கும் மதிப்பு உண்டு என்பதால் சாமான் வாங்கித் தருவதில் நாம் தாமதம் செய்யக் கூடாது.

ஏற்றும்போது பக்கத்தில் இருக்க முடிந்தால் மூன்று விஷயங்களைக் கேட்டுச் செய்ய வையுங்கள். ஏசி கம்ப்ரஸரைக் குழாயோடு சேர்த்து ஓரமாகக் கட்டி வைத்தால் கேஸ் வெளியே விட வேண்டியதில்லை. அந்தச் செலவு மிச்சம். முதல் எஞ்சின் டர்போ உடைந்தோ பேரிங் பொடிந்தோ செத்திருந்தால், டர்போவின் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குள் ஆயிலும் இரும்புத் துகளும் தேங்கியிருக்கும். அதைக் கழற்றிக் கழுவாமல் ஸ்டார்ட் செய்தால் டீசல் எஞ்சின் அந்த ஆயிலையே குடித்துக்கொண்டு நிறுத்த முடியாமல் எகிறிவிடலாம். ஆயில் கூலரையும் அப்படியே கழுவ வேண்டும். அப்புறம், முதல் ஸ்டார்ட்டுக்கு முன் எரிபொருளைத் துண்டித்துவிட்டு, ஆயில் விளக்கு அணையும்வரை இடைவெளி விட்டு விட்டு ஸ்டார்ட்டரை மட்டும் சுற்ற வேண்டும். டர்போவின் பேரிங் காய்ந்த நிலையில் ஒரு நொடிகூட ஓடக் கூடாது.

எஞ்சின் மாற்றியிருந்தால், இறக்கிய எஞ்சினை அவசரப்பட்டுக் கொடுத்துவிடாதீர்கள். ஸ்டார்ட்டர், ஆல்டர்னேட்டர், நல்ல நிலையில் உள்ள டர்போ, இன்ஜெக்டர் எல்லாம் தனியாக விலை போகும். "பழசை வெச்சுக்கிறோம், கூலியில குறைச்சுக்கலாம்" என்று சொன்னால் அந்த விலையைத் தெரிந்துகொண்டு பேசுங்கள். பிளாக்கை மட்டும், ஆர்.சி. திருத்தி வரும்வரை வீட்டிலோ பட்டறையிலோ வைத்திருங்கள். அதுவரை அந்த நம்பர் உங்கள் பெயரில்தான் இருக்கிறது. பிறகு எடைக்குப் போட்டாலும் சரி, யாருக்காவது விற்றாலும் சரி, நம்பரும் தேதியும் வாங்கியவர் கையெழுத்தும் உள்ள ஒரு ரசீதை வாங்கி ஆர்.சி.யோடு வைத்துக்கொள்ளுங்கள்.